பூரண சம்மதத்துடன்

என் மகளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. காலண்டர் தாளின் பின்பக்கம், மளிகைக் கடை பில், மருந்து டப்பாவின் அட்டை என்று கிடைத்ததிலெல்லாம் அவள் பெயரைப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துக் கொடுப்பேன். அவள் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாகத் தேடிப் போவாள். நாலெழுத்துப் பெயர்தான். மூன்றாவது எழுத்தின் சுழியில் வழி தெரியாமல் நின்றுவிட்டுப் பென்சிலை வீசி அடிப்பாள். நானும் பொறுமைசாலி இல்லை. இரண்டு தடவை முதுகில் போட்டிருக்கிறேன். அதை மறைத்து எழுதி என்ன ஆகப்போகிறது?

பிறந்தவுடன் அவள் அழவில்லை. மூளை வளர்ச்சி குறைவு என்று பிறகு எழுதிக் கொடுத்தார்கள். இன்று இருபத்தொன்பது வயது. தானாகக் குளிப்பாள், துணி மடிப்பாள், குழம்பில் உப்பு குறைந்தால் முதல் ஆளாகக் கண்டுபிடிப்பாள். நேற்றுக்கும் நாளைக்கும் வித்தியாசம் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். போட்டிருக்கும் வளையலைக் கேட்டால் இரண்டு கையையும் நீட்டுவாள்.

அப்படிப்பட்டவளுக்குக் கையெழுத்து எதற்கு என்று என் கணவர் கேட்டார். காரணம் என் வேலை. பத்திர எழுத்தர் ஒருவரிடம் இருபது வருஷத்துக்கு மேல் டைப் அடித்தேன். கைநாட்டு வைப்பவர்களை எப்படி நடத்துவார்கள் என்று தினம் பார்த்தவள் நான். மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, கட்டை விரலை மையில் அழுத்தி, தாளில் உருட்டி, கையை விட்டுவிடுவார்கள். துடைத்துக்கொள்ள ஒரு துணி கூடக் கொடுக்க மாட்டார்கள். என் மகளின் கையை எவனும் அப்படிப் பிடித்து இழுக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. அவள் முதல் தடவை புள்ளி இல்லாமல் பெயரை எழுதியபோது தெருவுக்கே கேசரி கொடுத்தேன்.

நாங்கள் இருப்பது பென்னலூர் பக்கம். கம்பெனிகள் வரிசையாக வந்த காலத்தில் எங்கள் ஆபீசில் உட்கார இடம் இருக்காது. நிலம் விற்கும் குடும்பத்தில் அக்கா தங்கை இருந்தால் முதலில் அவர்களிடம் விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும். என் பங்கு எனக்கு வேண்டாம், அண்ணனுக்கே விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுப்பது. ஒவ்வொன்றையும் புதிதாக டைப் அடிக்க யாருக்கு நேரம்? போன வாரத்துப் பத்திரத்தைத் திறந்து, பெயரையும் நாலு எல்லையையும் மாற்றினால் முடிந்தது. மற்ற வரிகளெல்லாம் அப்படியே இருக்கும். "யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவுடனும் பூரண சம்மதத்துடனும் எழுதிக்கொடுத்த" என்ற வரியை நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் டைப் அடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அது தானாகவே ஒவ்வொரு பத்திரத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பெண்கள் பட்டுப்புடவையில் வருவார்கள். தம்பி டீ வாங்கித் தருவான், அண்ணன் பிரியாணிக்குச் சொல்வான். "எங்க அண்ணன் எனக்கு செய்யாம வேற யாருக்குச் செய்யப் போவுது" என்று சிரித்தபடி கையெழுத்துப் போடுவார்கள். நாலைந்து வருஷம் கழித்து அவர்களில் சிலர் தனியாக வருவார்கள். பட்டுப்புடவை இருக்காது. பத்திரத்துக்கு ஒரு நகல் கிடைக்குமா, அதில் என்ன எழுதியிருந்தது என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். படித்துக் காட்டுவேன். பூரண சம்மதம் என்ற இடத்தில் என் குரல் எனக்கே பிடிக்காது.

என் கணவர் கம்பெனி பஸ் ஓட்டினார். ஒரு நாள் காலை ஷிப்டுக்கு ஆட்களை இறக்கிவிட்டு, கேட்டுக்கு வெளியே வண்டியை ஓரம் கட்டி, ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். மகள் மூன்று மாதம் வரை என்னிடம் தினமும் கேட்டாள், "அப்பா இன்னா ஷிப்டு?" நைட் ஷிப்ட் என்று சொல்வேன். போய்ப் படுத்துக்கொள்வாள். அவருடைய சாவை அவளுக்கு நான் சொல்லிப் புரியவைக்கவே இல்லை. என் சாவை யார் சொல்வார்கள் என்ற கேள்வி அங்கேதான் முதலில் என்னைப் பிடித்தது. எனக்குச் சர்க்கரை உண்டு. ஒரு நாள் மாடிப்படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் ஏதோ விளையாடுவதாக நினைத்துச் சிரித்தாள்.

கணவர் விட்டுப் போனது ஒரு வீடும், அதன் முன்னால் ரோட்டைப் பார்த்த எட்டு ரூமும். தெக்கத்திப் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். சட்டப்படி மூன்று பேருக்குப் பங்கு. எனக்கு, மகளுக்கு, அவளுக்கு மூன்று வயது இளையவனான மகனுக்கு. மூன்றையும் என் பெயரில் சேர்த்துவிட்டு, பிறகு நிதானமாக யோசித்து மகளுக்கென்று ஒரு ஏற்பாடு எழுதலாம் என்று கணக்குப் போட்டேன். ஊர் உலகத்துக்கே பத்திரம் எழுதியவள் இல்லையா? அந்தத் திமிர். மகளும் மகனும் எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். பழைய பத்திரம் ஒன்றைத் திறந்தேன். பெயரை மாற்றினேன். மற்ற வரிகள் அப்படியே இருந்தன.

ஒரு வாரம் அவளைப் பழக்கினேன். "இன்னா பத்திரம்னு கேட்டா இன்னா சொல்லுவே?"

"அம்மாக்கு வூடு."

"சம்மதமான்னு கேட்டா?"

"சம்மதம்."

பதிவு அலுவலகத்துக்கு அவளுக்கு நல்ல சுடிதார் போட்டு, தலை பின்னி, பூ வைத்துக் கூட்டிப் போனேன். சார்பதிவாளர் முறைப்படி இரண்டு கேள்வியும் கேட்டார். அவள் முறைப்படி இரண்டு பதிலும் சொன்னாள். கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாத் தாளிலும் நாலெழுத்தையும் அழகாக எழுதினாள். அவர் மேல் தப்பில்லை. பார்த்தால் யாருக்கும் தெரியாதபடி நான் தயார் செய்திருந்தேன். அடுத்து மகன் கையெழுத்துப் போட்டான். அவன் பத்திரத்தின் ஒரு வரியைக் கூடப் படிக்கவில்லை, மதிய ஷிப்டுக்கு நேரமாகிறது என்று பைக் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே போட்டான். மொத்தமும் டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அன்று எனக்குப் பயமே இல்லை. பெருமையாக இருந்தது. அவளுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தேன்.

பயம் வந்தது போன வருஷம். கடைக்குப் போய்விட்டு வந்தேன். அவள் வாசலில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். "மா, ஒருத்தர் வந்தாரு. நாலு எடத்துல போட்டேன்."

யார் வந்தது, என்ன தாள், என்ன கலர், ஸ்டாம்ப் ஒட்டியிருந்ததா என்று உலுக்கி உலுக்கிக் கேட்டேன். அவளுக்கு என் முகத்தைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. ரூமில் இருந்த பையன் ஒருவன் வெளியே வந்து, "அக்கா, பயப்படாதிய. ரோட்டுல வேகத்தடை கேட்டு மனு குடுக்காங்க. நாங்களும் போட்டோம்" என்றான். மனுவைத் தேடிப் போய்ப் பார்த்தேன். நான்கு வரிசையில் அவள் பெயர். சிரித்திருக்கலாம். அந்த ஆள்கூடச் சிரித்தார், "பாப்பா நாலு ஓட்டு போட்டுடுச்சு" என்று. நான் மனுவை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்த பிறகுதான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நான் வீட்டை விட்டு நிம்மதியாக வெளியே போனதில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவர் ரசீது நீட்டினாலும் பிடுங்கிப் படித்தேன். வீட்டில் இருந்த பேனாக்களை எல்லாம் அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தேன். அவள் விரலால் சுவரில் எழுதிக்கொண்டு நின்றாள். எவனோ ஒருவன் ஏமாற்றுவான் என்ற பயம் கூடப் பெரிதில்லை. அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதுதான் பயம். ஒரு வாரம் பழக்கினால் போதும். பூ வைத்துக் கூட்டிப் போனால் போதும். பெற்ற தாயே செய்து பார்த்தாயிற்று.

ஆபீசிலேயே உட்கார்ந்து, அவளுக்காக ஒரு செட்டில்மென்ட் பத்திரம் எழுதத் தொடங்கினேன். வீடும் ரூம்களும் என் காலத்துக்குப் பின் மகளுக்கு. அவள் ஆயுள் உள்ளவரை அவளே அனுபவித்துக்கொள்ள வேண்டியது. இதுவரை விரல் தானாக ஓடியது. அடுத்த வரி, "அவளது ஆயுளுக்குப் பின்." அங்கே நின்றுவிட்டேன். அந்த இடத்தில் யார் பெயரை எழுதினாலும், அவள் சாவதற்காகக் காத்திருக்க ஒரு ஆளை நானே நியமிக்கிற மாதிரி. எழுதக் கூடிய பெயர் ஒன்றுதான் இருந்தது. என் மகனுடையது.

எத்தனையோ பேருக்கு அந்த வரியை அடித்திருக்கிறேன். அன்று அதற்கு மேல் அடிக்க முடியவில்லை. அழித்தேன். திரும்ப அடித்தேன். என் முதலாளியான பத்திர எழுத்தர் எழுந்து வந்து பின்னால் நின்று படித்தார். அவர் வாயைத் திறந்தால் நல்ல சேதி வராது, ஆனால் பொய் சொல்ல மாட்டார்.

"இன்னாமா எழுதிகினு கீறே? அது கைக்கு நேரா சொத்து போனா, மறுநாளே எவனாச்சும் எழுதி வாங்கிப்பான். பதினெட்டு தாண்டிச்சுன்னா நீயே அதுக்கு கார்டியன் கெடையாது, தெரியுமா? கலெக்டர் ஆபீஸ்ல கமிட்டி கீது. அங்க போய், இதுக்கு வெவரம் பத்தாதுன்னு சொல்லி, காப்பாளர்னு ஆர்டர் வாங்கு. அப்பால டிரஸ்டோ உயிலோ எழுதிக்கலாம்."

எனக்குத் தெரியாது. இருபது வருஷம் பத்திரம் அடித்தவளுக்கு, அவள் பதினெட்டு வயதைத் தாண்டிய நாளிலிருந்து நான் சட்டத்தின் கண்ணில் அவளுக்குக் காப்பாளர் இல்லை என்பது தெரியாது. அம்மா என்றால் சாகிற வரை அம்மாதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரே குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு. அது உனுக்கு எழுதிக் குடுத்த விடுதலைப் பத்திரத்த பத்தி அங்க வாயத் தொறக்காத. வெவரம் தெரியாத பொண்ணுகிட்ட எழுதி வாங்கினேன்னு நீயே ஒத்துக்கினா மாதிரி ஆயிடும்" என்றார்.

அவள் அறிவோடுதான் கையெழுத்துப் போட்டாள் என்றால் நாளைக்கு எவனுக்கு வேண்டுமானாலும் போடலாம், சட்டம் தடுக்காது. அறியாமல் போட்டாள் என்றால் முதல் திருடி நான். இரண்டில் ஒன்றை நான் சொல்லியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். அவன் ஒரகடத்தில் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கிறான். ரூம்களுக்கு மேல் ஒரு மாடி எழுப்ப வேண்டும் என்று அவனுக்கு ஆசை. கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் ஒருவர் மாடி மொத்தத்தையும் தன் பையன்கள் தங்க வாடகைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பேங்கில் பேசியிருந்தான். அந்த விடுதலைப் பத்திரத்தை நம்பித்தான் பேங்க் சரி சொல்லியிருந்தது.

"எம்மா, இப்ப இத்த கெளப்புனா லோன் நின்னுடும். அக்காவ நான் பாத்துக்க மாட்டேனா? என்ன நம்பலியா நீ?"

"நம்புறேன். நான் டைப் அடிச்ச பத்திரத்துல எல்லாத் தம்பியும் நல்லவன்தான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். இரண்டு பிள்ளை பெற்றேன். ஒன்றை எல்லோரிடமிருந்தும் காப்பாற்ற வேண்டும். எல்லோரிலும் அந்த இன்னொன்றும் சேர்த்தி. இந்த நினைப்பு வந்ததற்காக என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வந்தது, போகவும் இல்லை. அவன் நல்லவன். நாளைக்கு ஒரு பெண் வருவாள், பிள்ளை பிறக்கும், அந்தப் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். நல்லவர்கள் எல்லாம் அப்படித்தான் என் ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள்.

காஞ்சிபுரம் கலெக்டர் ஆபீசில் கமிட்டிக்கு முன்னால் போன அன்று அவனும் லீவு போட்டுவிட்டு வந்தான். ஏன் வந்தான் என்று நான் கேட்கவில்லை. பஸ்ஸில் தனியாக முன் சீட்டில் உட்கார்ந்தான். உள்ளே கூப்பிட்டபோது வராந்தாவிலேயே நின்றுகொண்டான்.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மாதான் பேசினார். சர்டிபிகேட் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு வீடு இருக்கா?"

"அம்மாக்கு வூடு" என்றாள். பழக்கியது மறக்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். "இவங்க பேர்ல ஏதாவது சொத்து இருக்காம்மா? இதுவரைக்கும் ஏதாவது பத்திரத்துல கையெழுத்துப் போட்டிருக்காங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் நான் தயாராகப் போயிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கையெழுத்து என்ற சொல்லைக் கேட்டுவிட்டாள். எழுந்தாள். மேஜையில் இருந்த பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாவைப் பார்த்து ஆசையாகக் கேட்டாள்.

"எங்க போடணும்?"

நான் சொன்னேன். "போட்டிருக்கா மேடம். எனக்குத்தான் போட்டா. என்ன எழுதியிருக்குன்னு அவளுக்குத் தெரியாது. நான்தான் பழக்கிக் கூட்டிப் போனேன்." எல்லாவற்றையும் சொன்னேன். பழைய பத்திரத்தைத் திறந்து பெயரை மாற்றியது வரை சொன்னேன். என்னைப் பிடித்து உள்ளே போட்டால் அவளுக்கு இன்று மதியம் யார் சோறு போடுவார்கள் என்ற ஒரே நினைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பத்திரம் நிற்காது, அவள் பங்கை வக்கீல் வைத்து அவள் பெயருக்கே திருப்ப வேண்டும் என்றார். காப்பாளராக என்னை நியமிக்கலாம், அவள் பங்கை கமிட்டி அனுமதி இல்லாமல் நான்கூட விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்றார். பிறகு, "உங்களுக்கு அப்புறம்?" என்று கேட்டார்.

கதவுப் பக்கம் பார்த்தேன். அவரே அவனை உள்ளே கூப்பிட்டார்.

மகன் வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் இன்னும் பேனாவைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள். அவர் அவனிடம் எல்லாவற்றையும் விளக்கினார். எனக்குப் பிறகு அவனைக் காப்பாளராக நியமிக்கும்போது அதே கட்டுப்பாடுகள் அவனுக்கும் உண்டு, அவள் சொத்தை என்ன செய்தாய் என்று கணக்கு எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குச் சம்மதமா என்று கேட்டார். மாடி அங்கேயே நின்றுவிட்டது என்று அவனுக்கும் தெரிந்திருக்கும். சம்மதக் கடிதத்தை அவன் முன்னால் வைத்தார்.

அவன் அதை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினான். விரலை வைத்து, வரி வரியாக. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம். இந்தப் பையன் எதையும் இப்படிப் படித்து நான் பார்த்ததில்லை. ஏதோ ஒரு வரியில் நின்று, தாளைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடப் போகிறான் என்றே நினைத்தேன். கடைசி வரிக்கு வந்தான். மறுபடியும் முதல் பக்கத்தைத் திருப்பி எதையோ தேடினான்.

"இன்னாப்பா தேடறே?" என்று நான் கேட்டேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. அந்த அம்மாவைப் பார்த்துக் கேட்டான்.

"மேடம், எனக்கு அப்பால யாருன்னு இதுல எங்க எழுதறது?"

அப்படி ஓர் இடம் அதில் இல்லை, அப்போது இருக்கிற கமிட்டி பார்த்துக்கொள்ளும் என்றார் அவர். அவன் தலையை ஆட்டினான். அக்காவின் கையிலிருந்த பேனாவை வாங்கவேண்டும் என்று தோன்றாமல் வெறும் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. பெற்ற பிள்ளை தன்னைப் போலவே பயந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து எந்தத் தாயும் நிம்மதி அடைய மாட்டாள். நான் அடைந்தேன்.